வடசென்னையில் இருந்து ஒருநாள் மலைநடை: முதல்முறை போகிறவர்கள் கிளம்பும் முன் படிக்க வேண்டியது

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர் பக்கம் இருக்கும் பலருக்கும் மலை என்றால் ஏலகிரி, கொல்லிமலை, அதற்கு மேல் கொடைக்கானல். இரண்டு நாள் விடுப்பு, அறை வாடகை, இரவுப் பேருந்து என்று கணக்குப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவோம். ஆனால் நகரத்தின் இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மலை நிஜமாகவே பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் கிளம்பி, காட்டுக்குள் நடந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

நானும் நண்பர்கள் நான்கு பேரும் முதல்முறை போனபோது காட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒருவர் “எல்லா பர்மிஷனும் வாங்கியாச்சு” என்று சொல்லி ஆளுக்கு 900 ரூபாய் வாங்கிக்கொண்டார். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, வேன் பிடித்து, எட்டு மணிக்கு வனத்துறை செக்போஸ்டில் போய் நின்றோம். அங்கே இருந்தவர் எங்கள் பெயர்களைக் கேட்டார், நோட்டைப் புரட்டினார். “உங்க பேர்ல ஒண்ணும் வரலையே தம்பி” என்றார். பணம் வாங்கியவரின் போன் அதன்பிறகு எடுக்கப்படவே இல்லை. அடுத்த ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு நாங்களே ஏற்பாடு செய்து போக ஆரம்பித்தோம். நடப்பது எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. அனுமதியும் திரும்பி வரும் நேரமும்தான் படுத்தி எடுத்தன. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அந்த இரண்டைப் பற்றியே இருக்கும்.

1. எந்த இடம் என்று உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

முதல் நடைக்கே அருவி, பாறை ஏற்றம் என்று போகாதீர்கள். நான் சொல்லும் வரிசையில் போனால் நல்லது.

பழவேற்காடு. மலையே இல்லை, தட்டையான நடை. ஆனால் வெயிலில் ஏழெட்டு கிலோமீட்டர் நடந்தால் உங்கள் காலும் செருப்பும் எப்படி என்று தெரிந்துவிடும். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. ஊரில் இருந்து பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் வரை போய், கடற்கரை ஓரமாக நடந்து திரும்பலாம். டிசம்பர், ஜனவரியில் பூநாரைகளைப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: யாராவது படகில் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை இருக்கிறது.

திருத்தணி. முருகன் கோயிலுக்கு 365 படி. நிற்காமல் ஏறி, மூச்சு எவ்வளவு நேரத்தில் சமநிலைக்கு வருகிறது என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னும் ஒரு மாதம் தினமும் நடந்துவிட்டுக் காட்டுக்குப் போகலாம். கிருத்திகை நாட்களில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், படியில் கால் வைக்க இடம் இருக்காது.

குடியம் குகைகள். திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரிக்கு அப்பால், அல்லிக்குழி மலைத்தொடரில் இருக்கின்றன. குடியம் கிராமத்தில் இருந்து குகைக்குப் போகவர ஏழெட்டு கிலோமீட்டர். என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏற்றம் குறைவு, காடு நிஜமான காடு, குகை கண்முன் திடீரென்று வாயைத் திறந்து நிற்கும்போது பேச்சே வராது. பாதை முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள் கிடக்கும். முட்டை மேல் நடப்பது மாதிரி இருக்கும். கணுக்கால் பிசகுவது இங்கேதான் அதிகம். பாறைக் கூரையில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகக் கூடாது, புகை கூடாது, கத்தக் கூடாது. குகையில் ஊர்க்காரர்கள் வழிபடும் இடமும் உண்டு, அங்கே செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

கைலாசகோனா. இதுவும் இதற்கு அடுத்த இரண்டும் ஆந்திராவில். ஊத்துக்கோட்டை தாண்டி, நாகலாபுரம், பிச்சாட்டூர் வழியாகப் புத்தூர் போகும் சாலையில் நாராயணவனத்துக்கு அருகே இருக்கிறது. சாலையில் இருந்து கொஞ்ச தூரம்தான், அருவியும் சிவன் கோயிலும். குழந்தைகள், வயதானவர்களோடு போக ஏற்ற இடம். நடை என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த மலைப்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

உப்பலமடுகு அருவி, நம் ஊரில் எல்லோரும் ‘தடா ஃபால்ஸ்’ என்று சொல்வது. வரதய்யபாளையம் தாண்டி உள்ளே போக வேண்டும். ஓடையை ஒட்டி, கடைசியில் பாறைக்குப் பாறை தாவி ஏறும் நடை. இரண்டு மூன்று நடை பழகிய பிறகு மட்டும்.

நாகலாபுரம். மடுக்களும் பாறைகளுமாக இந்தப் பகுதியிலேயே அழகான இடம், ஆபத்தும் அதிகம். மழை பெய்தால் ஓடை நிமிடங்களில் உயரும். உள்ளூர் வழிகாட்டியும் வனத்துறை அனுமதியும் இல்லாமல் போகவே கூடாது. முதல் ஆண்டில் இதை உங்கள் பட்டியலிலேயே வைக்காதீர்கள் என்பேன்.

2. மாதம் பார்த்து நாள் குறியுங்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் இருந்து பிப்ரவரி நடு வரை, அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், வெயில் தாங்கும்.

அக்டோபர், நவம்பரில் அருவி கொட்டும் என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள்தான் வெள்ளத்தில் மாட்டுகிறார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமல் இருக்கும், மேலே மலையில் கொட்டியிருக்கும். சென்னைக்கு ‘மஞ்சள் எச்சரிக்கை’ வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். திருவள்ளூர், திருப்பதி மாவட்டங்களுக்கான அறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

பிப்ரவரி பாதியில் இருந்து காட்டுத்தீக் காலம். வனத்துறை நடைபாதைகளை மூடிவிடும். ஏப்ரல், மே வெயிலில் திறந்திருந்தாலும் போகாதீர்கள். இந்த மலைகளில் பெரிய மர நிழல் குறைவு, புதர்க்காடுதான். பதினொரு மணிக்குப் பாறை தோசைக்கல் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம், வெளியூர்க்காரர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் ஊத்துக்கோட்டைச் சாலை அடைத்துக்கொள்ளும். ஆடி முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்த நெரிசல் நீளும். செவ்வாய்க்கிழமை என்றால் சிறுவாபுரி முருகன் கோயில் கூட்டம், கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலை மெதுவாக நகரும். இரண்டையும் தவிர்த்து, முடிந்தால் வாரநாளில் போங்கள். சனி, ஞாயிறில் தடாவில் நீங்கள் பார்க்கப்போவது காட்டை விடக் கூட்டத்தைத்தான்.

3. அனுமதி: இதைச் சரிசெய்யாமல் வண்டி ஏறாதீர்கள்

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நடப்பது குற்றம். அபராதம், வழக்கு இரண்டும் உண்டு. ‘ஊர்க்காரங்க மாடு மேய்க்கப் போறாங்களே’ என்ற வாதம் செக்போஸ்டில் எடுபடாது.

குடியத்துக்கு வழி எளிது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 40 நடைபாதைகள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் குடியமும் அதில் ஒன்று. இணையதளத்தில் நாள் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

ஒவ்வொருவர் பெயரும் அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருக்கு ஆதாரில் அப்பா பெயர் முன்னால், பதிவில் பின்னால். காலையில் அதைச் சரிசெய்யவே இருபது நிமிடம் போனது. பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது வந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். கடைசி நேரத்தில் ஆளை மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், பெயர் உள்ளவர் மட்டும்தான் போக முடியும். ரத்து செய்தால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். பதிவு உறுதியான செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு பிரதி அச்செடுத்தும் வையுங்கள். மலையடிவாரத்தில் போய் இணையத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆந்திரப் பக்கம் வேறு கதை. தடாவும் நாகலாபுரமும் அம்மாநில வனத்துறையின் கையில். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது மழை, தீ, விபத்து என்று காரணத்தைப் பொறுத்து வாரத்துக்கு வாரம் மாறும். மூன்று மாதம் முன்பு போய் வந்த நண்பர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். முந்தைய நாள் சம்பந்தப்பட்ட வனச்சரக அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய குறிப்புகளில் நாகலாபுரத்தைச் சித்தூர் மாவட்டம் என்றும், தடாவை நெல்லூர் மாவட்டம் என்றும் போட்டிருப்பார்கள். 2022 ஏப்ரலில் ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது இரண்டும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. நான் பழைய குறிப்பைப் பார்த்து இரண்டு நாள் தவறான அலுவலகங்களுக்கு போன் செய்துகொண்டிருந்தேன். தேடும்போது ‘திருப்பதி மாவட்டம்’ என்று போட்டுத் தேடுங்கள்.

தனியார் குழுவோடு போவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தில் என் பெயர் இருக்கிறதா, அதைக் காட்ட முடியுமா? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? இடம் மூடியிருந்தால் பணம் திரும்ப வருமா? முதல் கேள்விக்கே “அங்க போய்ப் பாத்துக்கலாம், நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு” என்று பதில் வந்தால் அந்தப் பயணம் வேண்டாம். எங்கள் 4,500 ரூபாய் அந்த ஒரு வாக்கியத்தில்தான் போனது.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, அசலும் ஒரு நகலும். செக்போஸ்டில் நகலை வாங்கி வைத்துக்கொள்வது உண்டு, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்காது.

சொந்த வண்டி என்றால் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்றிதழ். டிஜிலாக்கரில் இருந்தால் போதும், ஆனால் சிக்னல் இருக்கும்போதே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் இரண்டு பேருக்கும் ஹெல்மெட்.

வாடகை வண்டி என்றால் கவனம். மஞ்சள் போர்டு வண்டி ஆந்திராவுக்குள் நுழைய அதற்கான பர்மிட் இருக்க வேண்டும். அது இருக்கிறதா, செலவு வாடகையில் சேர்ந்ததா என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். எல்லையில் நின்று ஓட்டுநர் அண்ணனோடு தகராறு செய்வது இரண்டு பேருக்கும் நல்லதில்லை. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் காப்பீடும் கைவிட்டுவிடும்.

ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு போன் எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வைக்கச் சொல்கிறேன். பார்த்தால் சின்ன விஷயம்தான். மயங்கி விழுந்தவர் சொல்ல முடியாததை அந்தச் சீட்டு சொல்லும்.

5. போய்ச் சேருவது எப்படி

பழவேற்காட்டுக்கு நம் கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயில் போதும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று எங்கிருந்தும் ஏறி பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து.

குடியத்துக்கு மேற்கு மார்க்கத்துக்கு மாற வேண்டும். சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. மூர் மார்க்கெட் போகும் வண்டியில் வந்து பேசின் பிரிட்ஜில் இறங்கினால் திருவள்ளூர், அரக்கோணம் வண்டிகளைப் பிடித்துவிடலாம். திருவள்ளூரில் இருந்து பூண்டிக்குப் பேருந்து உண்டு. பூண்டியைத் தாண்டி குடியம் போகும் பேருந்துகள் மிகக் குறைவு. அதனால் திருவள்ளூரிலேயே போகவர ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். ‘போகிறதுக்கு மட்டும்’ என்று பேசினால் திரும்பும்போது நடுரோட்டில் நிற்பீர்கள். நாங்கள் நின்றோம், ஒரு கரும்பு டிராக்டர் ஏற்றிக்கொண்டு வந்தது.

தடாவுக்கு சூளூர்ப்பேட்டை வரை போகும் ரயில் வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்வார்கள். பெரும்பாலான வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம், தடா என்று போகும் வண்டிகள் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். போகும் வண்டியைப் பார்ப்பதற்கு முன் திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, அதையும் பாருங்கள். தடா நிலையத்தில் இருந்து அருவி வாசலுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆட்டோவை நாள் முழுவதும் பேசுவதுதான் சரி.

கைலாசகோனா, நாகலாபுரம் பக்கம் போக மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையம். ஆந்திரா போகும் பேருந்துகள் 2018 முதல் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. திருப்பதி என்று போர்டு இருந்தாலே ஏறிவிடாதீர்கள், திருப்பதிக்கு மூன்று வழி இருக்கிறது. “ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியா?” என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் செங்குன்றம், ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று போகலாம். விடியற்காலை ஐந்துக்குச் செங்குன்றத்தைத் தாண்டிவிட வேண்டும். ஆறரைக்கு மேல் கன்டெய்னர் லாரிகளோடு போட்டிபோட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

6. எவ்வளவு செலவாகும்

புறநகர் ரயிலில் சூளூர்ப்பேட்டை வரைக்குமே ஒரு வழிக் கட்டணம் இருபது ரூபாய்க்குள் அடங்கிவிடும். பழவேற்காடு நடைக்கு ரயில், பேருந்து, மதியம் மீன் சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 300 ரூபாயைத் தாண்டியதில்லை. கைலாசகோனாவுக்கு 600 வைத்துக்கொள்ளுங்கள்.

செலவை ஏற்றுவது ஆட்டோதான். தடாவில் ஐந்து பேர் சேர்ந்து நாள் வாடகையாக 1,500 கொடுத்தோம். இரண்டு பேராகப் போயிருந்தால் தலைக்கு 750 ஆகியிருக்கும். அதனால் நான்கு அல்லது ஐந்து பேர் குழு என்பது பாதுகாப்புக்கும் பர்சுக்கும் சரியான அளவு. காத்திருப்புக் கூலி சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். செக்போஸ்டில் ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனிக் கட்டணம் இருக்கும். ஜிபே வேலை செய்யும் என்று நம்பாமல் பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக ஒரு 500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

காலணிக்கு ஆரம்பத்திலேயே ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். அடிப்பக்கம் ஆழமான பள்ளங்கள் உள்ள சாதாரண ரப்பர் ஷூ போதும். ஒரு வாரம் தெருவில் போட்டு நடந்து பழக்கிவிட்டுப் போங்கள். புதுஷூவோடு நேராக மலைக்குப் போன நண்பனுக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வந்து, கடைசி இரண்டு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்தான்.

7. பையில் என்ன

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். குடியம் பாதையில் குடிக்கும் தண்ணீர் கிடைக்காது, ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் அல்லது எலுமிச்சை சாதம். வெயிலில் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் நடந்துகொண்டே சாப்பிட வசதி. பிளாஸ்டிக் பாட்டில், பாக்கெட்டுகளைச் செக்போஸ்டில் எண்ணி வைப்பதும் பறிமுதல் செய்வதும் உண்டு, எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோனால் பிரச்சினையே இல்லை. மது கொண்டுபோனால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதுதான் சரியும்கூட.

முழுக்கை சட்டை, முழுக்கால் பேன்ட், தொப்பி. முள்ளும் உண்ணியும் அதிகம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். ஒரு விசில், ஒரு டார்ச், மாற்றுத்துணி ஒரு ஜோடி, கணுக்காலுக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ். வரைபடத்தை முந்தைய இரவே போனில் பதிவிறக்கம் செய்துவிடுங்கள்.

கூடவே நான்கு தெலுங்குச் சொற்கள். நம் பக்கம் பாதிப் பேருக்கு வீட்டிலேயே தெலுங்கு இருக்கும், இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீள்ளு என்றால் தண்ணீர், தாரி என்றால் வழி, பாமு என்றால் பாம்பு, லோத்து என்றால் ஆழம். மடுவின் ஓரத்தில் ஊர்க்காரர் யாராவது “லோத்து, லோத்து” என்று கையை ஆட்டினால் உடனே கரைக்கு வந்துவிடுங்கள்.

8. நடக்கும்போது நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரே ஒரு கணக்கு. உங்களுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கிறதோ அதில் ஐந்தில் இரண்டு பங்கு முடிந்ததும் திரும்பிவிடுங்கள், அருவி அடுத்த வளைவில் இருந்தாலும். எட்டு மணிக்கு நுழைந்து மூன்று மணிக்கு வெளியே வர வேண்டும் என்றால் பத்தேமுக்காலுக்குத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இறக்கம் சீக்கிரம் முடியும் என்று நினைப்பது தவறு. களைத்த காலோடு பாறையில் இறங்கும்போதுதான் விழுவார்கள், மதியச் சாப்பாடு, ஓய்வு எல்லாவற்றுக்கும் அந்த மீதி நேரம் வேண்டும்.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். நாங்கள் முதலில் இதைச் செய்யவில்லை. வேகமாக நடக்கும் இருவர் முன்னால் போய்விட்டார்கள், ஒரு பிரிவில் அவர்கள் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம். விசில் இருந்ததால் முக்கால் மணி நேரத்தில் சேர்ந்தோம். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு இன்னமும் மறக்கவில்லை.

பாறை இடுக்கில் கை வைக்கும் முன் பார்த்து வையுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாடு, ஆந்திரா இரண்டிலும் அதே எண்தான். சிக்னல் இல்லாவிட்டால் 112 முயன்று பாருங்கள், வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தாலும் போகும்.

9. மடுவில் இறங்கும் முன்

இந்த மலைகளில் உயிரை வாங்குவது சிறுத்தையோ பாம்போ கிடையாது. தண்ணீர். காசிமேட்டுக் கடலில் நீந்தியவர்கள்கூட மடுவில் தடுமாறுகிறார்கள். கடல்நீர் உடம்பைத் தூக்கும், மடுநீர் அப்படித் தூக்காது. மேலே வெதுவெதுப்பாகவும் இரண்டடி கீழே ஜில்லென்றும் இருக்கும், அந்தக் குளிரில் தசை பிடித்துக்கொள்ளும். பாறை பாசி பிடித்திருப்பதால் திரும்ப ஏறப் பிடி கிடைக்காது.

மேலே இருந்து குதிக்கக் கூடாது. இடுப்பளவுக்கு மேல் இறங்கக் கூடாது. நீந்தத் தெரியாதவர் கரையிலேயே உட்காரட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருவர் எப்போதும் தண்ணீருக்கு வெளியே, உலர்ந்த உடையோடு, கையில் ஒரு கயிறோ நீளமான துப்பட்டாவோ வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். யாராவது மூழ்கினால் அதை வீசுங்கள், பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் போன செய்தி நமக்குப் புதிதில்லை.

ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலை தழைகள் மிதந்து வந்தாலோ, மேலே இருந்து இரைச்சல் கேட்டாலோ பையைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையின் அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயல வேண்டாம். அங்கேயே உயரமான இடத்தில் இருந்துகொண்டு தண்ணீர் வடியும்வரை காத்திருங்கள்.

10. வெளியே வந்த பிறகு

செக்போஸ்ட் நோட்டில் வெளியேறிய நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். களைப்பில் பலர் அப்படியே வண்டி ஏறிவிடுகிறார்கள். நீங்கள் உள்ளேயே இருப்பதாக நினைத்து இரவில் காவலர்கள் டார்ச்சோடு தேட வேண்டியிருக்கும்.

வீட்டில் யாரிடமாவது கிளம்பும் முன்பே ஒரு நேரம் சொல்லிவையுங்கள். நான் அம்மாவிடம் “ஆறு மணிக்குள்ள போன் வரலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க” என்று ஆட்டோ அண்ணன் எண்ணையும் வனச்சரக அலுவலக எண்ணையும் காலண்டர் பின்னால் எழுதி வைத்துவிட்டுப் போவேன். சிக்னல் வந்ததும் முதல் அழைப்பு வீட்டுக்கு.

விடியற்காலையில் எழுந்தவரே மாலையில் பைக் ஓட்டக் கூடாது. ஓட்டத்தான் வேண்டும் என்றால் ஊத்துக்கோட்டையில் ஒரு டீ, அரைமணி நேரம் கண்மூடல். அப்புறம் கிளம்பலாம்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். பத்து, பதினைந்து நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.